ரேஷன் அரிசி குறைந்தாலோ நின்றாலோ என்ன செய்வது: தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைதாரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடையில் பில் போடும்போது "உங்க கார்டுல இந்த மாசம் அரிசி காட்டலை" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, விட்டுவிடுகிறார்கள். அல்லது நேராக இ-சேவை மையத்துக்குப் போய்ப் புது அட்டைக்கு மனுப் போடுகிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம். பழைய அட்டையில் ஆதார் எண் இருக்கும் வரை புது மனு நிராகரிக்கப்படும். அந்த முடிவு தெரியவே வாரக்கணக்கில் ஆகும்.

ரேஷன் அரிசிக்கு இங்கே இரண்டு கணக்குகள் உண்டு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு ஒதுக்கும் அரிசி முன்னுரிமைக் குடும்பங்களுக்கும் அந்தியோதயா (மிகவும் ஏழ்மையான) குடும்பங்களுக்கும் உரியது. தமிழ்நாடு இந்தச் சட்டத்துக்குள் வந்தது 2016 நவம்பர் 1 அன்று. அப்போது அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களை மாநிலம் கைவிடவில்லை. அவர்களுக்கும் தன் செலவில் விலையில்லா அரிசி தருகிறது. ஆகவே மத்தியப் பட்டியலிலிருந்து பெயர் போனாலும் மாநில அரிசிக்கு வழி இருக்கிறது. அந்த வழியை எந்த வரிசையில் பிடிப்பது என்பதே கீழே உள்ளது.

1. எது நின்றது என்று முதலில் பிரியுங்கள்

"ரேஷன் நின்னுபோச்சு" என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கும்: அட்டை சரியாக இருந்தும் கைரேகை ஏற்காமல் பில் விழாதது, வீட்டில் ஒருவர் பெயர் மட்டும் நீங்கியிருப்பது, அட்டை முழுவதும் முடங்கியிருப்பது, அட்டையின் வகை மாறி அரிசி அளவு குறைந்திருப்பது. நான்குக்கும் மனு வேறு, ஆவணம் வேறு. முதலாவதுக்குப் பெரும்பாலும் மனுவே வேண்டாம்.

விற்பனையாளரிடம் "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். "மெஷினில் என்ன காட்டுகிறது" என்று கேளுங்கள். திரையில் வரும் வாசகத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள். தாலுகா அலுவலகத்தில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

2. அட்டை வகையும் உரிய அளவும்

வகைக் குறியீடு அட்டையின் மீதே அச்சாகியிருக்கும்.

பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா. ஆள் எண்ணிக்கை எதுவானாலும் மாதம் 35 கிலோ அரிசி.

பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அட்டை. ஆளுக்கு 5 கிலோ கணக்கு. சிறிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்பதால், தனி ஆளுக்கும் 12 கிலோ என்று மாநிலம் ஏற்கெனவே தந்துவந்த அளவு காக்கப்பட்டிருக்கிறது.

என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்ற அட்டை. 12 கிலோ முதல் 20 கிலோ வரை. இது மாநிலத்தின் கணக்கு.

என்.பி.எச்.எச்.-எஸ். சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. என்.பி.எச்.எச்.-என்.சி. எந்தப் பொருளும் கிடைக்காத அட்டை.

முன்னுரிமை அட்டை முன்னுரிமையற்றதாக மாறினால் நான்கு பேர் வரை உள்ள வீட்டுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. அடி விழுவது பெரிய குடும்பத்துக்கு. ஏழு பேர் உள்ள வீட்டில் 35 கிலோ 20 ஆகிவிடும். ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் வகை மாற்றத்தை எதிர்த்து மனுப் போடுவது அவசியம். மூன்று பேர் வீடு என்றால் அந்த அலைச்சலை வேறு திருத்தங்களுக்குச் செலவிடலாம்.

3. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, அட்டையில் பதிந்த கைப்பேசி எண். இணையத்தில் எதைச் செய்யவும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், வாங்கிய பொருள் பற்றிய எஸ்எம்எஸ்சும் அதற்கே. சிம் தொலைந்திருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு எண்ணை மாற்றுங்கள். தாலுகாவில் உள்ள வட்ட வழங்கல் அலுவலகத்திலோ மாதாந்திரக் குறைதீர் முகாமிலோ இதைச் செய்யலாம். இ-சேவை மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுப் பதிந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிறகு உங்கள் மனுவின் நிலை அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, வீட்டில் உள்ள எல்லோரின் ஆதார், இரண்டு செட் நகலோடு. தற்போது குடியிருக்கும் முகவரிக்கான சான்று: மின் கட்டண ரசீது, எரிவாயுப் புத்தகம், வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது போன்றவற்றில் ஒன்று. சிக்கலுக்கு ஏற்பப் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள். வகை மாற்றம் என்றால் வருமானச் சான்று, ஓய்வூதிய ஆணை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதரவற்ற விதவைச் சான்று ஆகியவற்றில் உங்களுக்குப் பொருந்துவது.

ஆதாரில் உள்ள பெயர் எழுத்தும் இனிஷியலும் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஆதாரில் தவறு இருந்தால் அதைத் திருத்திய பிறகே அட்டைக்கு வாருங்கள். பிழையுள்ள ஆதாரை வைத்து அட்டையைத் திருத்தினால் அதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டிவரும்.

4. பதிவைத் திறந்து பாருங்கள்

உணவு வழங்கல் துறையின் டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் "பயனாளர் நுழைவு" பகுதிக்குப் போய், பதிந்த கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் அட்டையின் முழு விவரமும் தெரியும். அட்டை நடப்பில் உள்ளதா, வகை என்ன, உறுப்பினர்கள் யார் யார், எந்தக் கடை என்ற நான்கையும் பாருங்கள். திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது மாறினால் இன்றைய நிலைக்கு அதுதான் சாட்சி.

இணையம் கைவராதவர்கள் 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

நீங்கள் வாங்காத பொருளுக்குப் பில் போட்டதாக எஸ்எம்எஸ் வந்திருந்தால் அதை அழிக்காமல் அன்றே அதே எண்ணில் புகார் கொடுங்கள். "அரிசி ஏற்கெனவே வாங்கியாச்சு" என்று மெஷின் காட்டும் பல இடங்களில் இதுவே காரணம்.

5. கைரேகை ஏற்கவில்லை என்றால்

வயதானவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலை வையுங்கள். பிறகு அட்டையில் பெயருள்ள வேறொருவரின் விரலை வைத்துப் பாருங்கள். குடும்பத் தலைவர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கும் அசையாவிட்டால் கருவிழிப் பதிவு அல்லது ஓடிபி வழியைக் கேளுங்கள்.

தொடர்ந்து சிக்கல் வந்தால் ஆதார் சேவை மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் இது கட்டாயம். செய்யாமல் விட்ட பிள்ளையின் விரல் கடையில் எப்படி வைத்தாலும் ஏற்காது.

கடைக்கு வரவே முடியாத முதியவர், படுக்கையில் இருப்பவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்காக வேறொருவர் வாங்கலாம். அதற்கான அங்கீகாரப் படிவம் கடையிலேயே கிடைக்கும். நிரப்பிக் கொடுத்து ஒப்புதல் வந்த பிறகே அந்த ஆள் வாங்க முடியும் என்பதால் மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என வரையறுக்கப்பட்டது. உங்கள் வீட்டு முதியவர் பட்டியலில் இருக்கிறாரா என்று கடையில் கேளுங்கள்.

கைரேகைச் சிக்கல் உள்ளவர்கள் மாதக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. இந்த மாதம் வாங்காத அரிசி பொதுவாக அடுத்த மாதக் கணக்கில் சேராது.

6. ஒருவர் பெயர் மட்டும் போயிருந்தால்

அதிகம் நடப்பது திருமணத்துக்குப் பிறகு. பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையில் நீக்கிவிடுவார்கள், புகுந்த வீட்டில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அல்லது நீக்காமலேயே சேர்க்கப் பார்ப்பார்கள். ஒரே ஆதார் எண் இரண்டு அட்டையில் இருக்க முடியாது என்பதால் முதலில் நீக்கல், அது ஒப்புதல் ஆனதும் சேர்த்தல் என்பதே சரியான வரிசை. "குடும்ப உறுப்பினர் நீக்கம்" மனு ஏற்கப்பட்டதும் நீக்கல் சான்றை எடுத்து வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் "உறுப்பினர் சேர்க்க" மனுவைத் திருமணச் சான்றோடு போடுங்கள். இடையில் விடும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்ணின் பங்கு இரண்டு வீட்டுக்கும் இல்லை.

வெளிமாநிலத்தில் வேலைக்குப் போனவர் அங்கே இன்னொரு அட்டையில் பெயர் சேர்த்திருந்தால் இங்கே பெயர் போய்விடலாம். வேலைக்குப் போன இடத்தில் தனி அட்டை தேவையே இல்லை. முன்னுரிமை, அந்தியோதயா அட்டைதாரர்கள் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை வழியில் எந்த மாநிலத்திலும் தங்கள் பங்கை வாங்கலாம். தமிழ்நாடு இதில் சேர்ந்தது 2020 அக்டோபரில்.

இன்னொரு காரணம் இ-கேஒய்சி. முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள ஒவ்வொருவரும் கடைக்கு வந்து விரல் வைத்துத் தங்கள் இருப்பை உறுதிசெய்ய வேண்டும். குடும்பத் தலைவி ஒருவர் வைத்தால் எல்லோருக்கும் ஆகிவிட்டது என்று நினைப்பதே இதில் பெரிய தவறு. மாதந்தோறும் பில்லுக்கு வைப்பது வேறு, இது வேறு. விடுதியில் படிக்கும் பிள்ளை, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஆகியோரின் பெயர்கள்தான் இதில் விடுபடுகின்றன. "எங்க வீட்டுல யாருக்கு கேஒய்சி பாக்கி" என்று விற்பனையாளரிடம் கேட்டால் மெஷினைப் பார்த்துச் சொல்வார். 2025ல் திருத்திய மத்திய அரசின் ஆணைப்படி இதை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டும். ஐந்து வயதான குழந்தைக்கு ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும்.

7. குடும்பத் தலைவர் இறந்திருந்தால்

இறந்தவர் பெயரை நீக்கப் போய்ப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தலைவர் இல்லாமல் அட்டை நிற்காது. எனவே முதலில் "குடும்பத் தலைவர் மாற்றம்", பிறகு பெயர் நீக்கம். இறப்புச் சான்றும் புதிய தலைவரின் புகைப்படமும் தேவை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே அட்டையின் தலைவர், ஆகவே மனைவி அல்லது மருமகள் பெயரில் மாற்றுவது இயல்பான தேர்வு.

துக்கத்தில் இதைத் தள்ளிப்போடுவது புரிகிறது. ஆனால் இறந்தவர் பெயரில் மாதக்கணக்கில் அரிசி வாங்கியது கள ஆய்வில் தெரிந்தால் அட்டை முழுவதும் கேள்விக்கு உள்ளாகும்.

8. அட்டையே முடங்கியிருந்தால்

அதே 2025 திருத்த ஆணை, ஆறு மாதம் தொடர்ந்து பொருள் வாங்காத அட்டையைத் தற்காலிகமாக நிறுத்தி, மூன்று மாதத்துக்குள் கள ஆய்வும் இ-கேஒய்சியும் செய்து தகுதியை முடிவுசெய்யச் சொல்கிறது. வெளியூர் வேலை, பிரசவத்துக்குத் தாய் வீடு, நீண்ட மருத்துவம் என்று வீட்டைப் பூட்டிப் போனவர்கள் இதில் சிக்குவார்கள். நீண்ட காலம் வெளியூரில் இருப்பதானால் அங்குள்ள ஏதாவதொரு கடையில் அவ்வப்போது வாங்குங்கள். அட்டை உயிரோடு இருக்க அது போதும்.

கள ஆய்வுக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்ததால் "குடியிருப்பு இல்லை" என்று எழுதப்பட்டு அட்டை போவதும் உண்டு. வாடகை வீடு மாறியவர்கள் அட்டையில் முகவரி மாற்றாமல் விடுவதே இதன் வேர். வீடு மாறினால் முகவரியையும் கடையையும் மாற்றுங்கள். முடங்கிய அட்டைக்கு மனுப் போடும்போது தற்போதைய முகவரிச் சான்றோடு, பகலில் வீட்டில் யார் இருப்பார், எந்த எண்ணில் அழைக்கலாம் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். இரண்டாவது ஆய்வும் பூட்டிய கதவில் முடிந்துவிடக் கூடாது.

9. வகை மாறி அளவு குறைந்திருந்தால்

இங்கே உணர்ச்சியால் வாதாடிப் பயனில்லை, விதியைப் பிடிக்க வேண்டும். 2017ல் மாநில அரசு வெளியிட்ட விதிப்படி வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுபவர், அரசு ஊழியர், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலமுள்ள விவசாயி, சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வாகனம் அல்லது ஏசி வைத்திருப்பவர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட கான்கிரீட் வீட்டில் இருப்பவர், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள குடும்பம் ஆகியோர் முன்னுரிமைப் பட்டியலில் வர மாட்டார்கள். விதவைப் பெண், மாற்றுத்திறனாளி, முதியோர் ஓய்வூதியதாரர், விவசாயக் கூலி, குடிசைப் பகுதியில் வசிப்பவர் போன்றோர் உள்ளே வர வேண்டியவர்கள்.

எந்த விதியால் உங்களை வெளியே வைத்தார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காரணம் தெரியாமல் போடும் மனு குறி தவறும். வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டும் வண்டி சொந்தக் காராகக் கணக்கில் ஏறியிருந்தால் வாகனப் பதிவுச் சான்றும் பர்மிட்டும் வேண்டும். முன்பு வேலையில் இருந்த மகனின் வருமான வரிக் கணக்கு காரணம் என்றால், அவர் தனிக்குடித்தனம் போயிருந்தால் முதலில் அவர் பெயரை இந்த அட்டையிலிருந்து நீக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வகையை மறுபரிசீலனை செய்யக் கேட்க முடியும்.

வகை குறைந்த கோபத்தில் அட்டையை ஒப்படைத்துவிடாதீர்கள். "அட்டை ஒப்படைப்பு" என்ற பொத்தானும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. மனு நடக்கும் காலம் முழுவதும் மாநில அரிசியை மாதம் தவறாமல் வாங்குங்கள். குறைந்த அளவை வாங்கிவிட்டால் அதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம் தேவையற்றது. வாங்காமல் விட்டால்தான் "இவர்களுக்குத் தேவையில்லை" என்ற முடிவுக்கு இடம் கொடுக்கிறீர்கள்.

10. மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது

தாலுகா அளவில் வட்ட வழங்கல் அலுவலர், சென்னையில் மண்டல உதவி ஆணையர். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் பெயர் சேர்த்தல், நீக்கல், கைப்பேசி எண் மாற்றம், முகவரி மாற்றம் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். அலுவலர் நேரில் இருப்பார் என்பதால் இணையத்தில் தேங்கிய மனுவையும் அங்கே எடுத்துக் காட்டலாம்.

மனுவில் ஒரே கோரிக்கையை எழுதுங்கள். பெயர் சேர்ப்பு, முகவரி, வகை என்று மூன்றையும் ஒரே தாளில் கேட்டால் ஏதாவதொன்றில் குறை கண்டு மொத்தமும் நிற்கும். வடிவம் இவ்வளவுதான்:

"என் குடும்ப அட்டை எண் (…). (…) மாதம் வரை (…) கிலோ அரிசி பெற்றுவந்தோம். (…) மாதம் முதல் (…) என்று கருவியில் காட்டி வழங்கப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் (…) பேர் இதே முகவரியில் வசிக்கிறோம். இணைத்துள்ள சான்றுகளைப் பார்வையிட்டு அட்டையைப் பழையபடி நடப்புக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன்."

கொடுத்ததற்கு ஒப்புகை கட்டாயம் வாங்குங்கள். நகலில் முத்திரையும் தேதியும் போதும். இணையத்தில் போட்டால் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புகை இல்லாத மனு மேல்முறையீட்டில் செல்லாது.

பதில் வராவிட்டால் மாவட்ட வழங்கல் அலுவலர், அதற்கு மேல் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலராக உள்ள மாவட்ட வருவாய் அலுவலர், பிறகு மாநில உணவு ஆணையம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். அட்டையை ரத்து செய்தோ மறுத்தோ எழுத்தில் ஆணை வந்திருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆணை கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

11. அட்டை திரும்பும் வரை சாப்பாட்டுக்கு

குடும்ப அட்டையைக் கேட்காத உணவுத் திட்டங்களும் மாநிலத்தில் உண்டு. அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு கிடைக்கும். பதிவு செய்யாத வீடுகள் ஏராளம், பகுதி அங்கன்வாடிப் பணியாளரிடம் பெயரைக் கொடுங்கள். அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் மதியச் சத்துணவும் உண்டு. வீட்டில் அரிசி குறைந்த மாதத்தில் பிள்ளையை நேரத்தோடு பள்ளிக்கு அனுப்பினால் இரண்டு வேளைச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். நகரங்களில் அம்மா உணவகங்கள் இருக்கின்றன.

12. அட்டை மீண்ட முதல் மாதம்

"ஒப்புதல் ஆகிவிட்டது" என்ற எஸ்எம்எஸ்சோடு நின்றுவிடாமல் மறுநாளே இணையத்தில் உறுப்பினர் எண்ணிக்கையும் வகையும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒப்புதலுக்குப் பிறகும் கடை மெஷினில் பழைய நிலையே காட்டினால் விற்பனையாளரோடு சண்டை வேண்டாம், அவரால் அதை மாற்ற முடியாது. திரையைப் படமெடுத்து, குறிப்பு எண்ணோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் காட்டுங்கள். பில் விழுந்ததும் அதில் உள்ள கிலோவையும் பையில் விழுந்த எடையையும் கடையை விட்டு இறங்கும் முன்பே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.